பிட்டும் தேங்காய்ப்பூவும்
மட்டக்களப்பு வாவிக்கரைக் குசினியில் நாம் இழக்கக் கூடாதவை



கிழக்கிலங்கையில் தமிழரும் முஸ்லிம்களும் முன்பு எப்படி வாழ்ந்தார்கள் என்று வயதானவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நீட்டி முழக்கிப் பதில் சொல்லமாட்டார்கள். "பிட்டும் தேங்காய்ப்பூவும் போல" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். பிட்டுக்குழலில் ஒரு பிடி மா, அதன் மேல் கொஞ்சம் தேங்காய்ப்பூ, மறுபடி ஒரு பிடி மா. வெந்து இறக்கிய பிறகும் இரண்டும் தனித்தனியே கண்ணுக்குத் தெரியும். ஆனால் இரண்டும் சேர்ந்தால்தான் அதற்குப் பிட்டு என்று பெயர்.

ஒரு பிரதேசத்து மக்கள் தங்கள் உறவைச் சொல்லுவதற்கே ஒரு சாப்பாட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்றால், அந்தச் சாப்பாடு வெறும் வயிற்றுக்கானது மட்டுமல்ல என்பது புரிகிறதல்லவா? ஆனால் இன்று அந்தப் பிட்டையே வீட்டில் அவிக்காத பெண் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். அதனால்தான் மட்டக்களப்பு வாவிக்கரையின் உணவு வகைகளைப் பற்றி, அவை எங்கிருந்து வந்தன, ஏன் மெல்ல மறைகின்றன, நாம் என்ன செய்யலாம் என்று உங்களோடு கொஞ்சம் பேச விரும்புகிறோம்.

இரண்டு கரை, ஒரு சோறு

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. கடலுக்குச் சமாந்தரமாகத் தெற்கு வடக்காகக் கிடக்கிறது. ஊர் மக்கள் இதை 'ஆறு' என்றே அழைப்பார்கள். வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய மணற்பாங்கான நிலம் எழுவான்கரை. சூரியன் எழும் பக்கம். வாவிக்கு மேற்கே வயலும் காடும் மேய்ச்சல் நிலமும் பரந்து கிடப்பது படுவான்கரை. சூரியன் படும் பக்கம். எவ்வளவு அழகான பெயர்கள்!

இந்த இரண்டு கரையையும் மனதில் வைத்துக்கொண்டால் நமது சமையல் முழுவதும் விளங்கிவிடும். எழுவான்கரையில் தென்னை உண்டு, கடல்மீன் உண்டு, கடை உண்டு, நெசவு உண்டு. ஆனால் நெல் விளைய இடமில்லை. மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 5 கிலோமீற்றரில் இருக்கும் காத்தான்குடியைப் பாருங்கள். சில சதுரக் கிலோமீற்றருக்குள் வீட்டோடு வீடு ஒட்டி நிற்கும் ஊர். அங்கே வயலுக்கு எங்கே போவது? நெல்லும் பாலும் தயிரும் தேனும் விறகும் படுவான்கரையிலிருந்து தோணியேறி வந்தன. தேங்காயும் கருவாடும் உப்பும் புடவையும் இங்கிருந்து அங்கே போயின. படுவான்கரையில் காத்தான்குடி, ஏறாவூர் முஸ்லிம்களுக்குச் சொந்தமான வயல்களும் மாடுகளும் இருந்தன. அவற்றில் தமிழ்ச் சகோதரர்கள் விதைத்தார்கள், மேய்த்தார்கள்.

ஆகவே காத்தான்குடி வீட்டில் ஒரு தட்டுப் பிட்டு இருந்தால், அதில் மா படுவான்கரையுடையது, தேங்காய்ப்பூ எழுவான்கரையுடையது. அந்தப் பேச்சு வழக்கு சும்மா பிறக்கவில்லை!

பிட்டு: அவிக்கும் முறை

பிட்டு என்றால் இன்று பலர் கடையில் வாங்கிய மாவில் தண்ணீரை ஊற்றிப் பிசைந்து அவித்துவிடுகிறார்கள். பிறகு "பிட்டு கல்லாகிவிட்டது", "களியாகிவிட்டது" என்று குறைப்படுகிறார்கள். முறையோடு செய்தால் அப்படி ஆகாது.

தேவையானவை: சிவப்புப் பச்சையரிசி 2 சுண்டு (ஏறத்தாழ அரைக் கிலோ), நடுத்தரத் தேங்காய் 1, உப்பு, கொதிநீர்.

செய்முறை: அரிசியை மூன்று மணித்தியாலம் ஊற வைத்து, நீரை நன்றாக வடித்து, இடித்தோ அரைத்தோ அரித்துக் கொள்ளுங்கள். மாவை இளஞ்சூட்டில் வறுக்க வேண்டும். நிறம் மாறக் கூடாது. ஈரம் போய், மா கையில் ஒட்டாமல் உதிர வேண்டும். அதுவே பதம். உப்புச் சேர்த்த கொதிநீரைச் சிறிது சிறிதாகத் தெளித்து, அகப்பைக் காம்பால் கிளறுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் காரியம் கெட்டது. பிறகு ஒரு பேணியின் விளிம்பால் கொத்திக் கொத்தி, மா குறுணி குறுணியாக வரும்வரை விடாதீர்கள். குழலில் தேங்காய்ப்பூவும் மாவும் மாறி மாறிப் போட்டு, அழுத்தாமல் நிரப்பி, ஆவி மேலே வந்ததிலிருந்து எட்டுப் பத்து நிமிடம் அவியுங்கள்.

தேங்காய்ப்பூ வாசனைக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். மாவின் நடுவே அது இருப்பதால் ஆவி ஏறுவதற்கு வழி கிடைக்கிறது. தேங்காய்ப்பூ குறைந்தால் பிட்டும் இறுகிவிடும்.

பிட்டுக்கு என்ன அரிசி என்பதும் முக்கியம். நமது உம்மம்மார் காலத்தில் பச்சைப்பெருமாள், சீனட்டி போன்ற பாரம்பரிய நெல்லினங்கள் வயலில் இருந்தன. சிவந்த, தவிடு போகாத அரிசி. மெதுவாகப் பசிக்கும், வயிறும் நிறையும். அதிக விளைச்சல் தரும் புதிய இனங்கள் வந்த பிறகு அவை ஒதுங்கிப் போயின. இன்று தேடிப் பயிரிடும் சில விவசாயிகளிடமும் சில கடைகளிலும் அவை கிடைக்கின்றன. கண்டால் விடாதீர்கள்.

சட்டித் தயிர்

பிட்டுக்கு இறைச்சிக் கறியும் சேரும், மீன் ஆணமும் சேரும். ஆனால் எருமைத்தயிரும் சீனியும் வாழைப்பழமும் போட்டுப் பிசைந்து சாப்பிடுவதுதான் நமது பகுதிக்கே உரிய சுவை. மட்டக்களப்புத் தயிர் என்றால் நாடெங்கும் ஒரு மதிப்பு உண்டு.

அதன் இரகசியம் இரண்டு. ஒன்று பால். பசும்பாலில் கொழுப்பு ஏறத்தாழ 4 வீதம் என்றால் எருமைப்பாலில் 7 வீதமளவில் இருக்கும். மற்றது மண்சட்டி. சட்டியின் மண், பாலிலுள்ள நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி வெளியே விடும். அதனால் தயிர் இறுகுகிறது, சட்டியும் குளிர்ந்து இருக்கிறது. பிளாஸ்ரிக் கிண்ணத்தில் இந்த வேலை நடக்காது. வீட்டில் உறைய வைப்பவர்கள் பாலைக் காய்ச்சி, விரலை விட்டால் இளஞ்சூடு தெரியும் அளவுக்கு ஆறவிட்டு, 1 லீற்றர் பாலுக்கு 1 மேசைக்கரண்டி உறைதயிர் கலந்து, புது மண்சட்டியில் ஊற்றி இரவு முழுவதும் அசைக்காமல் வையுங்கள்.

இந்தத் தயிருக்குப் பின்னால் ஒரு கவலையும் இருக்கிறது. படுவான்கரைக்கு அப்பால் மயிலத்தமடு, மாதவனைப் பகுதிகளில் காலாகாலமாக மாடுகள் மேய்ந்து வந்தன. அந்த மேய்ச்சல் தரையைப் பிறர் பயிர்ச்செய்கைக்குப் பிடிக்கிறார்கள் என்று கூறி, பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கினார்கள். மேய்ச்சல் தரை இல்லையென்றால் எருமை இல்லை. எருமை இல்லையென்றால் சட்டித் தயிர் ஏது? நாம் தட்டில் போட்டுக்கொள்ளும் ஒரு கரண்டித் தயிர், யாரோ ஒரு குடும்பத்தின் வாழ்வோடு கட்டுண்டு கிடக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

ஆணமும் சுண்டலும்

நமது வீடுகளில் வழங்கும் 'ஆணம்' என்ற சொல்லைச் சில பிள்ளைகள் இப்போது சொல்லக் கூச்சப்படுகிறார்கள். அது கொச்சை என்று எண்ணம்! ஆணம் என்பது குழம்பைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். வேறு பகுதிகளில் வழக்கொழிந்தபோதும் முஸ்லிம் வீடுகளிலும் மட்டக்களப்பிலும் அது உயிரோடு இருக்கிறது. பெருமைப்பட வேண்டிய விடயமல்லவா?

யாழ்ப்பாணத்தார் சொதி என்பதை நாம் பாலாணம் என்போம். மிளகாய்த்தூள் போடாமல் மஞ்சள், வெங்காயம், பச்சை மிளகாய், உள்ளி சேர்த்து, தேங்காயின் இரண்டாம் பாலில் மீனை வேகவைத்து, கடைசியில் முதற்பாலை விட்டு ஒரு கொதி வருமுன் இறக்குவது. இடியப்பத்துக்கும் பிட்டுக்கும் இதைப்போல் துணை வேறில்லை. பழப்புளியைக் கரைத்து வெங்காயம், உள்ளி, மிளகு, சீரகம் சேர்த்துக் காய்ச்சினால் புளியாணம். காய்ச்சலில் கிடந்து எழும்பியவருக்கு வாய்க்கசப்புப் போக இதைத்தான் கொடுப்பார்கள்.

மீனிலும் நமது ஆட்கள் இரண்டு வகை பிரிப்பார்கள். கடல்மீன் வேறு, ஆற்றுமீன் வேறு. மணலை, ஒட்டி, செல்வன், கொய், கெளுத்தி என்று வாவி மீன்களின் பெயரை ஒரு காலத்தில் சிறு பிள்ளையும் சொல்லும். வாவி இறாலும் நண்டும் இன்று நம் சந்தையைவிடத் தூர இடத்து ஹோட்டல்களுக்கே அதிகம் போகின்றன. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா, 'யப்பான் மீன்' என்ற பெயரோடு ஏழைகளின் சட்டியில் இடம்பிடித்துக்கொண்டது. வாவிக்கரையிலுள்ள கண்டல் மரங்களின் வேருக்கடியில்தான் மீன்குஞ்சுகளும் இறால்குஞ்சுகளும் வளருகின்றன. கண்டலை வெட்டிக் கரையை நிரப்பினால் மீன் குறையும். இதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை.

சுண்டல் என்றால் தமிழகத்துச் சகோதரிகள் கடலையை நினைப்பார்கள். நமக்குச் சுண்டல் என்பது இலைக்கறி. முருங்கை இலை, அகத்தி, பொன்னாங்காணி, முசுட்டை எதுவானாலும் மெல்லியதாக அரிந்து, வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ போட்டு, மூடாமல் சட்டென்று சுண்ட வைத்து இறக்குவது. ஐந்து நிமிட வேலை. காசும் அதிகமில்லை. மாரி மழையில் வேலியெல்லாம் படரும் முசுட்டையைப் பறித்துச் சுண்டிய காலம் போய், இப்போது அந்தக் கொடியை அடையாளம் காட்டவே ஆளில்லை.

நோன்புக் கஞ்சியும் வட்டிலப்பமும்

நோன்பு வந்துவிட்டால் நமது ஊர்களின் மணமே மாறிவிடும். பச்சையரிசி, கொஞ்சம் இறைச்சி, இஞ்சி, உள்ளி, இறம்பை, கறிவேப்பிலை, தேங்காய்ப்பால் சேர்த்துப் பெரிய பெரிய கிடாரங்களில் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சுவார்கள். அஸருக்குப் பிறகு பிள்ளைகள் வாளியும் தூக்குச்சட்டியுமாக வரிசையில் நிற்பார்கள். வெறும் வயிற்றில் எண்ணெய்ப் பலகாரம் விழுவதற்கு முன் இந்தக் கஞ்சி விழுந்தால் உடம்புக்கு இதம். பணக்காரர் வீட்டுக்கும் ஏழை வீட்டுக்கும் அன்று ஒரே கஞ்சி.

பெருநாள் என்றால் வட்டிலப்பம். 'வட்டில்' என்ற நமது சொல்லும் 'அப்பம்' என்ற நமது சொல்லும் சேர்ந்த பெயர். ஆனால் முட்டையும் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்து அவிக்கும் முறை மலாய் நாடுகளிலும் உண்டு. அங்கே அதன் பெயர் ஸ்ரீகாயா. தொதல் என்பது மலாயாரின் டோடோல். சம்பல் என்ற சொல்லும் மலாய்தான். பாண் போர்த்துக்கேயச் சொல். நாம் சமைக்கும் இடத்தைக் குசினி என்கிறோமே, அதுவும் போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல்தான்! அவர்கள் மட்டக்களப்பில் 1628இல் கோட்டை கட்டினார்கள்; 1638இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். கோட்டையைக் கட்டியவர்கள் போய்விட்டார்கள். சொல் மட்டும் நம் அடுப்பங்கரையில் தங்கிவிட்டது.

வட்டிலப்பத்துக்கு: முட்டை 10, கித்துள் கருப்பட்டி 500 கிராம், தேங்காய் முதற்பால் 400 மில்லிலீற்றர், ஏலக்காய் 8, சாதிக்காய்த் தூள் ஒரு சிட்டிகை, கஜு 50 கிராம்.

கருப்பட்டியைச் சீவி, கொஞ்சம் பாலில் இளஞ்சூட்டில் கரைத்து, வடித்து, முழுவதும் ஆறவிடுங்கள். சூடாக இருந்தால் முட்டை திரைந்துவிடும். முட்டையை நுரை பொங்க அடிக்காமல் நிதானமாகக் கலக்கி, மீதிப் பாலும் கரைத்த கருப்பட்டியும் ஏலமும் சாதிக்காயும் சேர்த்து மறுபடி வடியுங்கள். கிண்ணத்தில் ஊற்றிக் கஜுவைத் தூவி, ஆவிநீர் சொட்டாதபடி மேலே கடதாசியோ துணியோ கட்டி, மிதமான நெருப்பில் 45 முதல் 60 நிமிடம் அவியுங்கள். ஈர்க்கைக் குத்தி எடுத்தால் ஒட்டாமல் வரவேண்டும். நெருப்பைக் கூட்டி அவசரப்பட்டால் ஓட்டை ஓட்டையாகிவிடும்.

தொதல் கிண்டுவது இன்னும் பொறுமையான வேலை. அரிசிமா, தேங்காய்ப்பால், சர்க்கரை மூன்றையும் அடுப்பில் வைத்தால், எண்ணெய் பிரியும்வரை அகப்பையை நிறுத்தவே முடியாது. ஒருவர் கை சோர்ந்தால் மற்றவர் வாங்கிக்கொள்வார். ராத்தா, மச்சி, மாமி, அடுத்த வீட்டுக்காரி என்று ஒரு கூட்டமே சுற்றி நிற்கும். தொதல் தனி ஆளால் ஆகிற பண்டமல்ல. அது வீடுகளில் குறைந்து போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

உண்ணும் முறையிலும் ஓர் ஒற்றுமை இருந்தது. கல்யாணத்திலும் கந்தூரியிலும் ஒரு ஸஹனைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்கார்ந்து ஒன்றாகக் கைபோட்டுச் சாப்பிடுவார்கள். 2020இல் கொரோனா வந்தபோது அந்த வழக்கம் தடைப்பட்டது. பல இடங்களில் அது திரும்பியிருக்கிறது. சில இடங்களில் தனித்தனிச் சாப்பாட்டுப் பெட்டியே நிலைத்துவிட்டது.

தாய்வீட்டு அடுப்பு

சகோதரிகளே! கிழக்கிலங்கையில் பெண்ணைக் கட்டிக்கொடுத்து வேறு வீட்டுக்கு அனுப்புவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகிறது; தாய் பக்கத்து வளவிலோ பின்கட்டிலோ இருப்பார். தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் தாய்வழிக் 'குடி' முறை இங்கே இருப்பதை, அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். வீட்டுக்காகப் பெற்றோர் படும் கடன்பாடும் அதனால் குமர்ப்பிள்ளைகள் காத்திருப்பதும் பெரிய துயரம். அதைத் தனியாகப் பேச வேண்டும்.

ஆனால் இந்த வழக்கத்தால் சமையலுக்கு ஒரு நன்மை விளைந்தது. மகள் கலியாணமான பிறகும் தாயின் அடுப்பை விட்டுப் பிரியவில்லை. உம்மம்மாவின் கைப்பக்குவம் உம்மாவுக்கும், உம்மாவின் கைப்பக்குவம் மகளுக்கும் ஒரே வளவுக்குள்ளேயே இறங்கி வந்தது. புத்தகம் தேவைப்படவில்லை. "இவ்வளவு போடு", "இந்த மணம் வரும்போது இறக்கு" என்று சொன்னாலே போதுமாக இருந்தது. எழுதி வைக்காததன் ஆபத்தும் அதிலேதான் இருக்கிறது. ஒரு தலைமுறை கை நழுவினால் எல்லாமே போய்விடும்.

எங்கே அறுந்தது?

முதல் அடி போர். 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனிய்யாப் பள்ளிவாசலிலும் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அடுத்த வாரம் ஏறாவூரிலும் நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. செப்டெம்பர் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் தமிழ் மக்கள், பெண்களும் குழந்தைகளுமாகக் கொல்லப்பட்டார்கள். அழாத வீடு எந்தக் கரையிலும் இருக்கவில்லை.

அதன்பின் படுவான்கரைக்கு யார் போவது? வயலை விட்டோம், மாட்டை விட்டோம். அங்கிருந்து தயிர்ச்சட்டி சுமந்து வந்தவர்களும் வரவில்லை. நமது நெல்லில் மாவிடித்துப் பிட்டு அவித்த குடும்பங்கள் நிவாரண அரிசிக்கும் கடை மாவுக்கும் வந்து நின்றன. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கி, கரையோர வீடுகளைக் குசினியோடு கொண்டுபோனது. 2007இல் கிழக்கில் போர் ஓய்ந்து, பாதை திறந்து, போக்குவரத்துத் திரும்பியது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் மற்ற இடங்களிலும் நடந்த குண்டுவெடிப்புகள், ஆறத் தொடங்கியிருந்த புண்ணை மறுபடி கீறிவிட்டன. சந்தையில் ஒருவர் கடைக்கு மற்றவர் போகத் தயங்கிய நாட்களை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

இரண்டாவது அடி சத்தமில்லாமல் விழுந்தது. அது கோதுமை மா. இலங்கையில் கோதுமை விளைவதில்லை. ஒவ்வொரு மணியும் கப்பலில் வருகிறது. அமெரிக்க உதவியாக வந்த காலத்தில் அதற்கு 'அமெரிக்கன் மா' என்றே பெயர். 1980இல் திருகோணமலையில் பெரிய மா ஆலை இயங்கத் தொடங்கியது. பாணும் பராட்டாவும் மலிவாகவும் சுலபமாகவும் கிடைத்தன. அரிசியை ஊறவைத்து இடித்து வறுக்கும் வேலை யாருக்கு வேண்டும்? கிழக்கிலேதான் பிறந்தது என்று பலரும் சொல்லும் கொத்துரொட்டியும் கோதுமை மாப் பண்டந்தான். இராத்திரியில் தகரத்தில் தகடு தட்டும் அந்தச் சத்தத்துக்கு நாமெல்லாரும் அடிமைதான்! ஆனால் அது வாரத்தில் ஒருநாள் ஆசைக்குச் சாப்பிடுவது. தினமும் வயிற்றை நிரப்புவதற்கு அல்ல. நீரிழிவு இல்லாத வீடு அரிதாகிவிட்ட இக்காலத்தில் இதைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. பிட்டும் மாச்சத்துத்தான், அதற்கும் அளவு வேண்டும். ஆயினும் தவிட்டரிசிப் பிட்டோடு இலைச்சுண்டலும் மீன் ஆணமும் சேரும்போது அது முழுமையான உணவு. சீனியும் மாஜரீனும் பூசிய பாணுக்கு அந்தத் தகுதி உண்டா?

மூன்றாவது, தாய் வீட்டில் இல்லாத காலம். குடும்பக் கஷ்டத்தால் எத்தனையோ உம்மாமார் மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போனார்கள். அவர்கள் அங்கே அந்நியர் பிள்ளைகளுக்குச் சமைத்துக்கொண்டிருந்த வருடங்களில், இங்கே அவர்களுடைய பிள்ளைகளுக்குச் சமையல் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. திரும்பி வந்தவர்களோடு மந்தியும் கப்ஸாவும் வந்தன. அவையும் நல்ல சாப்பாடுதான், குறை சொல்வதற்கில்லை. புதியது வருவதற்காகப் பழையது வெளியேற வேண்டுமா என்பதுதான் கேள்வி.

2022ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். டொலர் இல்லை, எரிவாயு இல்லை, கோதுமை மாவின் விலை மளமளவென்று ஏறியது. அப்போது நம்மைக் காப்பாற்றியது எது? அரிசிமாவும் மரவள்ளிக் கிழங்கும் வேலியோர முருங்கையும்தான். விறகடுப்பை மூட்டத் தெரிந்த, பிட்டுக்கு மாக் குழைக்கத் தெரிந்த மூத்த பெண்கள் அன்று குடும்பத்தின் பெரிய சொத்தாக இருந்தார்கள். தெரியாத இளம் பெண்கள் தவித்துப் போனார்கள்.

மற்றவர்கள் எப்படிப் பாதுகாக்கிறார்கள்?

ஜெர்மனியின் வடக்கே லூபெக் என்றொரு பழைய துறைமுக நகரம். பாதாமும் சீனியும் அரைத்துச் செய்யும் மர்சிபான் என்ற இனிப்புக்கு அது பேர்போனது. அரபுலகின் வழியாக ஐரோப்பாவுக்குப் போன இனிப்பு அது என்பார்கள். 1996 முதல், அந்தப் பகுதியில் முறைப்படி தயாரித்ததைத் தவிர வேறெதற்கும் லூபெக் மர்சிபான் என்று பெயர் வைக்க ஐரோப்பியச் சட்டம் இடம் தருவதில்லை. நமது இலங்கைக் கறுவாவுக்கும் 2022இல் அதே ஐரோப்பியப் பாதுகாப்புக் கிடைத்தது. தமிழகத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா போன்றவை ஊர்ப் பெயரோடு புவிசார் குறியீடு பெற்றிருக்கின்றன.

ஊர்ப் பெயரால் வழங்கும் சாப்பாட்டை அவர்கள் சொத்தாகக் கருதுகிறார்கள். எழுதுகிறார்கள், அளக்கிறார்கள், பதிகிறார்கள். சட்டம் கடைக்கு வரும் பண்டத்தைக் காக்கும். வீட்டுக்குள் அவியும் பிட்டையும் பாலாணத்தையும் எந்தச் சட்டம் வந்து காக்கும்? அது உங்களால்தான் முடியும்.

நாம் செய்யக்கூடியவை

ஒன்று: எழுதி வையுங்கள். உம்மாவிடம், உம்மம்மாவிடம், மாமியிடம் கேளுங்கள். "கைப்பிடி", "சுண்டு", "கண்ணளவு" என்று அவர்கள் சொல்வதை அப்படியே எழுதி, பக்கத்தில் கிராம் கணக்கையும் நிறுத்து எழுதுங்கள். பதம் எப்படித் தெரியும் என்பதையும் மறக்காமல் கேளுங்கள். மணம், நிறம், சத்தம், எல்லாமே அளவுகள்தான்.

இரண்டு: வாரத்தில் இரண்டு நாளாவது காலையில் பாண் வாங்காமல் அரிசிமாப் பலகாரம் செய்யுங்கள். மாவை வறுத்துக் காற்றுப் புகாத பேணியில் வைத்தால் காலை வேலை பாதியாகிவிடும்.

மூன்று: மகளை மட்டுமல்ல, மகனையும் குசினிக்குள் அழையுங்கள். தேங்காய் துருவவும் தொதல் கிண்டவும் ஆண் கை கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை.

நான்கு: தயிர் வாங்கினால் மண்சட்டித் தயிராகப் பார்த்து வாங்குங்கள். அரிசி வாங்கினால் படுவான்கரை விவசாயியிடமிருந்து வந்த தவிட்டரிசியை விசாரித்து வாங்குங்கள். சட்டி வனைபவரும் மாடு வளர்ப்பவரும் நெல் விதைப்பவரும் நிலைத்தால்தான் நமது சாப்பாடும் நிலைக்கும்.

ஐந்து: வாவிக்குள் குப்பை போடாதீர்கள், போடவும் விடாதீர்கள். மீன்கழிவையும் பிளாஸ்ரிக் பையையும் ஆற்றில் வீசிவிட்டு, ஆற்றுமீனில் பழைய ருசி இல்லை என்று பேசுவதில் நியாயமில்லை.

ஆறு: பெருநாள் வட்டிலப்பம் முன்பு எந்தெந்தத் தமிழ் வீடுகளுக்குப் போனது என்று உம்மாவிடம் கேளுங்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அந்த வீடுகளிலிருந்து என்ன வந்தது என்றும் கேளுங்கள். ஆணம் காய்ச்சும்போது அண்டை வீட்டையும் எண்ணிக் கொஞ்சம் கூட்டிக் காய்ச்சச் சொன்ன மார்க்கம் நமது மார்க்கம். அந்த வீடுகளில் ஒன்றுக்காவது வருகிற பெருநாளில் ஒரு கிண்ணம் அனுப்புங்கள். பேசித் தீராத பல விடயங்கள் ஒரு கிண்ணம் வட்டிலப்பத்தால் உடனே தீர்ந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கிண்ணம் திரும்பி வரும்போது வெறுமையாக வருவது நமது பகுதியின் வழக்கமில்லை.

இந்த மாதமே தொடங்குங்கள். உங்கள் வீட்டு மூத்தவர் ஒருவரிடம் ஒரேயொரு பண்டத்தின் அளவையும் பதத்தையும் கேட்டு, ஒரு கொப்பியில் எழுதி, அதை அவர் முன்னாலேயே ஒருமுறை செய்து காட்டுங்கள். அவர் "உப்புக் கொஞ்சம் குறைவு" என்று சொன்னால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.